வெண்கலப் பேச்சாளனும் இளங்கீரனின் தாடியும்

இளங்கீரனின் தாடிக்கும் மகள் ராகவிக்கும் ஒரே வயது. இரண்டுக்கும் பதினொன்று நடந்துகொண்டிருந்தது. மகளை அவன் ஒரு நாளும் கையால் தொட்டதில்லை. தாடியைத் தொடாத நாளில்லை.

அவன் அகதியாய்ப் படகேறியபோது மனைவி சிவாஜினிக்கு மூன்றாம் மாதம். புலோலியில் பிள்ளை பிறந்த செய்தி, சிட்னியில் அவனை அடைத்துவைத்திருந்த வில்லாவுட் முகாமுக்குத் தொலைபேசியில் வந்தது. பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள், கனக்கக் கதைக்க முடியவில்லை. "பெட்டை. உங்கட நாடி அப்பிடியே" என்று மட்டும் சிவாஜினி சொன்னாள். அன்று பின்னேரம் வேலியோரமாக நின்று, மோவாயைத் தடவியபடி, அவன் ஊர்ப் பக்கத்துச் சன்னிதி முருகனுக்கு நேர்ந்தான். நிரந்தர விசா கையில் கிடைக்கும்வரை முகத்தில் கத்தி படாது. கிடைத்த அன்றைக்கே எடுத்துப் போடுவது. அவ்வளவுதான் நேர்த்தி. காசோ பொருளோ கொடுக்க அப்போது அவனிடம் ஒன்றும் இருக்கவில்லை. முகம் ஒன்றுதான் இருந்தது.

விசா வரவில்லை. தற்காலிகம் வந்தது. அது முடிய இன்னொரு தற்காலிகம் வந்தது. தாடி மட்டும் நிரந்தரமாக வளர்ந்து நெஞ்சுக்கு இறங்கியது.

"உங்கட மயிரை வைச்சு முருகன் கயிறே திரிக்கப் போறார்?" என்று சிவாஜினி வீடியோவில் வரும்போதெல்லாம் கேட்பாள். "பிள்ளை உங்கட முகத்தை ஒருக்காலும் கண்டதில்லை. ஆரோ சாமியாரோட கதைக்கிற மாதிரிக் கதைக்குது. வெட்டுங்கோ எண்டால் வெட்டுங்கோ."

"இன்னும் கொஞ்ச நாள்தானே."

"எத்தினை வருசமா உந்தக் கொஞ்ச நாள்?"

அவன் சிரித்து மழுப்புவான். பிடித்த பிடியை விட்டால் எல்லாமே கையை விட்டுப் போய்விடும் என்று ஒரு பயம் அவனுக்குள் கிடந்தது. அதை அவளுக்குச் சொன்னதில்லை.

மெல்பேர்ணில் ஸ்பிரிங்வேலில் ஓர் அறையில் இருந்துகொண்டு, டண்டினோங் பக்கமாக இருந்த ஒரு சிலை வார்ப்புச் சாலையில் எட்டு வருசம் வேலை செய்தான். பந்தயக் குதிரை, கால்பந்து வீரன், சண்டையில் செத்த படைவீரன் என்று இந்த நாடு எவரையெல்லாம் நிற்கவைத்துக் கும்பிடுகிறதோ அவர்களையெல்லாம் அங்கே வெண்கலத்தில் வார்த்தார்கள். முதலில் மெழுகில் உருவம். அதைப் பசைக்கூழில் தோய்த்து, மாவாய் அரைத்த மணலைத் தூவிக் காயவிட்டு, திரும்பத் தோய்த்து, திரும்பத் தூவி, எட்டுப் பத்துப் பூச்சு. சூடு காட்டினால் மெழுகு உருகி ஓடிவிடும். வெறுங்கோதாய் நிற்கிற ஓட்டுக்குள் உருகிய வெண்கலத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் ஓட்டை அடித்து உடைக்க வேண்டும். அடித்து உடைப்பது இளங்கீரன்.

உடைக்கும்போது தூசி பறக்கும். கண்ணுக்குத் தெரிகிற தூசி பரவாயில்லை, கீழே விழுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாததுதான் ஆளைத் தின்னும். அதற்கு ரப்பர் விளிம்பு வைத்த முகமூடி கொடுத்திருந்தார்கள். விளிம்பு தோலோடு ஒட்டினால்தான் அது முகமூடி. தாடிக்கு மேலே வைத்தால் அது முகத்தில் தொங்குகிற ஒரு சாமான்.

இதைச் சோதித்துப் பார்க்க வருசத்துக்கு ஒரு முறை ஒரு சடங்கு உண்டு. முகமூடியைப் போட்டுவிட்டு, தலைக்கு மேலே ஒரு பிளாஸ்ரிக் கூட்டைக் கவிழ்த்து, உள்ளே ஒரு கசப்புத் தண்ணீரைப் புகையாக அடிப்பார்கள். நாக்கில் கசந்தால் காற்று உள்ளே வருகிறது, முகமூடி சரியில்லை. கசக்காவிட்டால் பாஸ். இதைச் செய்பவன் நவீன்ராஜ். ஈப்போவிலிருந்து படிக்க வந்து, படித்து முடித்து, வார்ப்புச் சாலையின் பாதுகாப்பு அதிகாரியாக இருந்த மலேசியத் தமிழன். இளங்கீரனைவிட ஏழு வயது இளையவன்.

முதல் வருசமே அவன் கையில் படிவத்தை வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, சட்டப்படி தாடியோட நான் டெஸ்டே செய்யக் கூடாது. ஷேவ் பண்ணிட்டு வாங்கண்ணே. ஒரு மாசத்துல வளந்திடும்லா."

"அது நேர்த்தி, தம்பி."

நவீன்ராஜின் கை நின்றுவிட்டது. அவனுடைய அம்மா பத்துமலைக்கு மூன்று தரம் பால்குடம் எடுத்தவள். அவன் பிறப்பதற்காக ஒன்று, பிழைப்பதற்காக ஒன்று, வெளிநாட்டுக்குப் போய்ப் படிப்பதற்காக ஒன்று. நேர்த்தி என்ற சொல்லை மறித்துப் பேச அவனுக்கு வாய் வராது. வெள்ளைக்கார அதிகாரியாக இருந்தால் இரண்டு நிமிசத்தில் விசயம் முடிந்திருக்கும். ஒன்றில் தாடி, இல்லாவிட்டால் வேலை. அல்லது முதலாளியின் குரல்வளையைப் பிடித்து, காற்று ஊதுகிற தலைக்கவசம் ஒன்றை வாங்கிக் கொடுத்திருப்பான். தாடிக்காரருக்கென்றே அப்படியொன்று இருக்கிறது. வார்ப்புச் சாலையிலும் ஒன்று கிடந்தது. பற்றரி செத்துப்போய், வேறு பற்றரிக்குச் சொல்லியிருக்கிறோம் என்ற துண்டோடு அலுமாரிக்கு மேலே கிடந்தது. இளங்கீரன் ஒரு தரம் கேட்டான். இரண்டாந்தரம் கேட்கவில்லை. தற்காலிக விசாக்காரன் ஒன்றை இரண்டு தரம் கேட்பதில்லை.

நவீன்ராஜ் கூட்டைக் கவிழ்த்துப் புகையை அடித்தான். "கசக்குதாண்ணே?"

வேப்பெண்ணெயைக் குடித்த மாதிரி அடிநாக்குவரைக்கும் கசந்தது.

"இல்லை தம்பி."

"உண்மையாவா?"

"கசக்கேல்லை எண்டுறன்."

நவீன்ராஜ் அவனுடைய கண்ணைப் பார்த்தான். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. பேனையை எடுத்து, பாஸ் என்று எழுதினான். அப்படி எட்டு வருசம், எட்டுப் படிவம். ஒருவன் பொய் சொன்னான், மற்றவன் அதை நம்புவதாகக் காட்டிக்கொண்டான். இரண்டு பேரும் அதை ஒருவருக்கொருவர் செய்யும் உபகாரம் என்றே நினைத்தார்கள்.

கடைசி வருசம் ஒரு புது வேலை வந்தது. இத்தாலியில் பெருஜியாப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு மெல்பேர்ணில் ஒரு சங்கம். தங்கள் மண்டப வாசலில் வைக்க, தங்கள் ஊர்ப் பக்கத்தில் கிண்டியெடுத்த பழைய வெண்கலச் சிலை ஒன்றின் பிரதியை ஆளுயரத்தில் கேட்டார்கள். அசல் புளோரன்ஸில் இருக்கிறது.

"இவங்களுக்கும் ஊர்ச்சங்கம் இருக்குது பார்" என்றான் இளங்கீரன்.

"ஊர்ச்சங்கம்னா சண்டையும் இருக்கும்லா" என்றான் நவீன்ராஜ். "தலைவர் யாருன்னு வெட்டுக்குத்து நடந்திருக்கும்."

சிலைக்குப் பேச்சாளன் என்று பெயர். வலக்கையை உயர்த்தி, சபையைப் பார்த்து, கொஞ்சம் பொறுங்கோ, நான் ஒன்று சொல்ல வேண்டும் என்பது போல நிற்கிற நடுவயது ஆள். முதலாளி ரேமோ, அறுபது கடந்தவர், அப்பன் வழியில் அதே ஊர்க்காரர். வழக்கத்தில் வேலையை அதட்டுவதற்குத்தான் வாய் திறப்பார். இந்தச் சிலைக்கு முன்னால் மட்டும் அவருக்குப் பேச்சு வந்தது.

"பார்த்தவுடன் ரோமன் என்பாய். உடுப்பு ரோமன் உடுப்பு. சப்பாத்தும் அப்படித்தான். நிற்கிற நிலையைப் பார். உடம்பை இப்படி உயிரோடு நிறுத்துகிற வித்தை கிரேக்கனிடமிருந்து வந்தது. ஆனால் ஆள் எட்ரூஸ்கன். ரோமாபுரி ஒரு கிராமமாக இருந்த காலத்திலேயே வெண்கலம் வார்த்த சாதி. கிரேக்கனிடம் படித்தார்கள், ரோமனுக்குப் படிப்பித்தார்கள். கடைசியில் ரோமன் அவர்களை விழுங்கிவிட்டான். ஒரு பட்டினத்தை மட்டும் விழுத்தி, அதிலிருந்து இரண்டாயிரம் சிலைகளை அள்ளிப்போனதாக ஒரு பழைய எழுத்து இருக்கிறது. சிலை போனது, பிறகு தெய்வம் போனது, பிறகு பாசை போனது."

"பாசையுமோ?"

"இங்கே வா."

ரேமோ மெழுகு உருவத்தின் கீழ்க்கரையைக் காட்டினார். உடுப்பின் ஓரத்தில், குனிந்து பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, மூன்று வரி எழுத்து. வலமிருந்து இடமாக ஓடியது.

"இதுதான் அவன் பாசை. ரோமன் சட்டையைப் போட்டுக்கொண்டு, விளிம்பில் தன் எழுத்தை வைத்திருக்கிறான். அவன் பெயர் இருக்கிறது, அப்பன் பெயர் இருக்கிறது, அம்மா பெயரும் இருக்கிறது. மிச்சத்தை முழுக்க வாசிக்க ஆளில்லை. ஏதோ ஒரு தெய்வத்துக்கு நேர்ந்து வைத்தது என்கிறார்கள்."

இளங்கீரன் நிமிர்ந்தான். "நேர்த்தியோ?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டான்.

அதற்குப் பிறகு அந்தச் சிலையை அவன் வேறு மாதிரிப் பார்த்தான். விண்ணப்பம் எழுத உட்காரும்போதெல்லாம் முதலில் கேட்பது அப்பன் பெயர், அம்மா பெயர்தான். பதினொரு வருசத்தில் எத்தனை படிவம். இந்த மனிசனும் அப்படித்தான் பெயரை எழுதி யாருக்கோ முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். கிடைத்ததோ கிடைக்கவில்லையோ, சிலை மட்டும் இருக்கிறது. அந்த விளிம்பு எழுத்தைச் சீவித் துலக்குகிற வேலையை வேறொருவருக்கும் விடாமல் தானே செய்தான். ஓர் எழுத்தும் தெரியாது. ஆனாலும் ஒன்றும் மழுங்கக் கூடாது என்பதில் பிடிவாதமாக நின்றான்.

ஆனால் அவன் கெட்டது எழுத்தில் அல்ல, சிலையின் வயிற்றில்.

பெரிய சிலையைக் கட்டியாக வார்க்க முடியாது. நடுவே மண் கருவை வைத்து, அதைச் சுற்றி விரல் தடிப்புக்கு வெண்கலத்தை ஓடவிட வேண்டும். பேச்சாளனைப் பழைய ஆட்கள் எப்படித் துண்டு துண்டாக வார்த்துப் பொருத்தினார்களோ, அப்படியே இங்கேயும் தலை வேறு, கை வேறு, உடம்பு வேறு, கால் வேறு. பழைய சிலைகள் பலவற்றில் வெந்த கரு உள்ளேயே மிஞ்சிக் கிடக்கிறதாம். இங்கே பாரம் குறையவேண்டும் என்று கருவை முழுக்க எடுக்கச் சொன்னார்கள். சங்கத்தின் திறப்பு விழாத் திகதியும் நெருங்கிவிட்டது. ஊற்றி ஆறிய உடம்பைப் படுக்கவைத்தார்கள். இடுப்புப் பக்கம் திறந்திருந்த வாயால் உள்ளே போகக் கூடிய ஒல்லியான ஆள் இளங்கீரன் ஒருவன்தான்.

ஒன்பது நாள் அவன் பேச்சாளனின் வயிற்றுக்குள் தலையையும் ஒரு கையையும் விட்டுக்கொண்டு கிடந்தான். உள்ளே இருட்டு. நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் தூசி அசையாமல் தொங்கும். உளியால் தட்டத் தட்டச் சுட்ட மண் பொரிந்து முகத்தில் விழும். தாடிக்கு மேலே முகமூடி. பின்னேரம் வெளியே வந்து தாடியை உதறினால், நரைத்த கிழவன் ஒருவன் உதறியது போல வெள்ளையாய்க் கொட்டும்.

"மோசஸ் வந்துட்டார், வழி விடுங்க" என்று வேலையாட்கள் பகிடி பண்ணினார்கள். அவனும் கையை உயர்த்திப் பேச்சாளனைப் போல நின்று காட்டினான். சிரித்ததில் இருமல் வந்தது. இருமல் கனநேரமாக ஓயவில்லை. முன்பும் வந்ததுதான், இரண்டு வருசமாகவே இருந்தது. மல்லித்தண்ணீரும் வேதுபிடிப்புமாகச் சமாளித்து வந்தான். நவீன்ராஜ் மட்டும் சிரிக்கவில்லை.

"அண்ணே, அந்தக் காத்து ஊதுற ஹூட் பேட்டரிக்கு நான் திரும்ப எழுதறேன்."

"சிலை முடியட்டும் தம்பி. இப்ப போய்க் குழப்பாத."

திறப்பு விழாவுக்கு ஒன்றரை மாசம் இருக்கும்போது, குடிவரவுத் திணைக்களத்திலிருந்து அவனுக்கு ஒரு கடிதம் வந்தது. நிரந்தர விசாவுக்கு உடம்புச் சோதனை. பதினொரு வருசத்தில் விசா அவ்வளவு கிட்ட வந்ததில்லை. சிவாஜினி வீடியோவில் அழுதுகொண்டு சிரித்தாள். "தாடிக்கு நாள் குறிச்சாச்சு" என்றாள்.

எக்ஸ்ரே எடுத்த இடத்தில் இன்னொன்று எடுக்கச் சொன்னார்கள். பிறகு ஸ்கான். பிறகு நெஞ்சு மருத்துவரிடம் அனுப்பினார்கள். அவர் திரையை அவன் பக்கம் திருப்பினார். இரண்டு நுரையீரலிலும் மேல்பக்கமாக வெள்ளைப் புள்ளிகள். யாரோ உள்ளே நின்று நுண்மணலைத் தூவிப் பூச்சுப் பூசியது போல இருந்தது. அந்த வேலையை அவனுக்கு அடையாளம் தெரிந்தது.

"முகமூடி போட்டு வேலை செய்தீர்களா?"

"எப்போதும்."

"இந்தத் தாடிக்கு மேலேயா?"

அவனுடைய கை தாடிக்குப் போனது. மருத்துவர் சிலிக்கோசிஸ் என்று ஒரு சொல்லைச் சொன்னார். போன நுரையீரல் திரும்ப வராது என்றார். வேலையை இன்றோடு விட்டாலும் அது தன்பாட்டில் நடந்துகொண்டே போகலாம் என்றார். எவ்வளவு வேகமாக என்று சொல்ல முடியாது, ஆளுக்கு ஆள் வித்தியாசம்.

வழக்கறிஞர் சிவகௌரி டண்டினோங்கில் அவனைப் போன்றவர்களின் கோப்புகளோடு மாரடிக்கிற பெண். அறிக்கையை இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஒண்டையும் ஒளிக்காதேங்கோ அண்ணை. இதை இப்பிடியே அனுப்புவம். வேலையால வந்த வருத்தம் எண்டு நான் எழுதுறன். முகமூடி சோதிச்ச பத்திரம் ஏதும் இருக்கோ?"

"எட்டு இருக்கு. எட்டும் பாஸ்."

"ஆர் பாஸ் பண்ணினது?"

"நான் கசக்கேல்லை எண்டு சொன்னனான்."

"நான் அதைக் கேக்கேல்லை. ஆர் கையெழுத்து?"

இளங்கீரன் கதிரையைப் பின்னே தள்ளினான். பெயரைச் சொன்னால் ஒரு பெடியனின் பிழைப்புப் போகும். சொல்லாமலே எழுந்து வந்தான். ஆனால் அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மறுகிழமை நவீன்ராஜ், நோயைக் கேள்விப்பட்டு, எட்டுப் படிவத்தோடும் தன் கைப்பட எழுதிய ஒரு பக்கத்தோடும் தானாகவே சிவகௌரியின் கந்தோர் வாசலில் வந்து நின்றானாம். 'தாடியைக் கண்டேன். தெரிந்தே கையெழுத்து வைத்தேன்.' ரேமோவுக்கும் அதன் பிரதியைக் கொடுத்துவிட்டான்.

பேச்சாளனைத் திறந்துவைத்த அன்று இளங்கீரன் போகவில்லை. படம் மட்டும் அனுப்பியிருந்தார்கள். சிலைக்குப் பக்கத்தில் கோட் போட்ட பெரியவர்கள் நின்றார்கள். விளிம்பு எழுத்துப் படத்தில் விழவில்லை.

நாலு மாசம் வீட்டிலே இருந்தான். படியேறினால் நடுவில் நின்று கைப்பிடியைப் பிடித்தான். சிவாஜினியிடம் வேலை மாறிவிட்டேன் என்றான். இருமல் வந்தால் போனைக் கீழே சரித்தான். பதினொரு வருசம் வெட்டுங்கோ என்று சொன்னவளிடம் இதை எந்த வாயால் சொல்வது?

வேலையால் வந்த நோய் என்று விலக்குக் கொடுத்து, விசா ஒரு வெள்ளிக்கிழமை மின்னஞ்சலில் வந்தது. நிரந்தரம். சிவகௌரி போனில் கத்தினாள். மனைவி மகளுக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் அது ஒரு நீண்ட வரிசை, எப்போது முடியும் என்று கேட்காதேங்கோ என்றாள். இளங்கீரன் ஸ்பிரிங்வேலில் ஒரு வியட்நாமியச் சலூனுக்குப் போய்க் கதிரையில் சாய்ந்தான். சலூன்காரர் தாடியைக் கையில் தூக்கிப் பார்த்து, "நிச்சயமா?" என்று கேட்டார். வெட்டியதை ஒரு பையில் கேட்டு வாங்கிக்கொண்டான். சன்னிதிக்கு அனுப்பவேண்டும். கண்ணாடியில் அவனுடைய அப்பா இருந்தார்.

சனிக்கிழமை சாமான் எடுக்க வார்ப்புச் சாலைக்குப் போனான். நவீன்ராஜும் அங்கே தன் அலுமாரியைக் காலி செய்துகொண்டிருந்தான், படிவ விசாரணை முடிந்து அவனுக்கு அதுதான் கடைசி நாள். நிமிர்ந்து பார்த்தவனுக்கு ஆளை மட்டுக்கட்டக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அண்ணே..."

"அந்தக் கூட்டை ஒருக்கா எடு தம்பி. சோதிச்சுப் பாப்பம்."

"வேணாம்ணே. என்னாத்துக்கு இப்போ?"

"எனக்குத் தெரியவேணும்."

இளங்கீரன் தன் பழைய முகமூடியை முகத்தில் வைத்து வாரை இழுத்தான். ரப்பர் முதன்முதலாகத் தோலைக் கண்டுபிடித்து, கவ்விப் பிடித்துக்கொண்டது. கூடு தலைக்கு மேலே இறங்கியது. புகை அடித்தது.

"கசக்குதாண்ணே?"

இளங்கீரன் மூச்சை இழுத்தான். அவனால் முடிந்த அளவு ஆழமாக இழுத்தான். பாதியில் தடக்கியது. திரும்ப இழுத்தான். நாக்கில் ஒன்றுமே இல்லை.

"இல்லை" என்றான்.

நவீன்ராஜ் கூட்டைத் தூக்காமல் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான். எழுதுவதற்குப் படிவமும் இல்லை.

வெளியே கார்கள் நிற்கிற வெளியில் வைத்துப் போன் அடித்தது. முகத்தைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தான்.

"ராகவி, ஓடி வா, அப்பாவைப் பார்!" சிவாஜினியின் குரல் அயலெல்லாம் கேட்டிருக்கும். மகள் திரைக்குள் எட்டிப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மெல்லத் தன் நாடியைத் தொட்டுப் பார்த்தாள்.

"அம்மா, என்ர நாடி."

"உன்ர இல்லையடி. அப்பாவின்ரதான் உன்னட்ட வந்தது."

இளங்கீரன் சிரித்தான். சிரிப்போடு இருமலும் கிளம்பியது. போனைச் சரிக்கப் போனவன் நிறுத்திக்கொண்டான். இருமி முடியும்வரை சிவாஜினி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலு மாசமாக் கேக்கிறன். என்ன இருமல் உது?"

"பிள்ளையை அங்கால போகச் சொல்லு."

சொன்னான். மணலைச் சொன்னான், பேச்சாளனின் வயிற்றைச் சொன்னான், ஒவ்வொரு வருசமும் கசந்ததையும் கசக்கவில்லை என்றதையும் சொன்னான். அவள் கத்துவாள் என்று காத்திருந்தான்.

"நான் எத்தினை தரம்..." என்று தொடங்கியவள் அந்த வசனத்தை விட்டுவிட்டாள்.

அங்கே யாரோ கிணற்றில் தண்ணீர் அள்ளுகிற சத்தம் கேட்டது.

"எவ்வளவு காலமாம்?"

"டொக்டராலயும் சொல்லேலாதாம்."

"நாங்கள் அங்க வந்து சேர?"

"அதையும் ஒருத்தராலயும் சொல்லேலாதாம்."

அவள் கண்ணைத் துடைக்காமல் போனைக் கிட்டக் கொண்டுவந்தாள்.

"அங்கால திரும்பாதேங்கோ. முகத்தைக் காட்டுங்கோ."

அவன் காட்டிக்கொண்டு நின்றான்.